பெடரல் சிவில் வழக்கில் கூடுதல் அவகாசம், கூடுதல் பக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பெடரல் கோர்ட்டில் வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாமல், அல்லது கேஸ் எடுக்க வக்கீலே கிடைக்காமல், சொந்தமாக சிவில் வழக்கு நடத்தும் நம்மவர்கள் இருக்கிறார்கள். கிரீன் கார்டு விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்டுவிட்ட குடியேற்றத் துறை மேல் ஒருவர், பாகுபாடு காட்டி வேலையை விட்டுத் தூக்கிய கம்பெனி மேல் இன்னொருவர். நான் பாராலீகல், அதாவது வக்கீல்களுக்குச் சட்ட வேலையில் உதவுபவர், வக்கீல் இல்லை. ஆனால் கோர்ட்டில் பேப்பர் தாக்கல் செய்வதுதான் தினசரி வேலை என்பதால், தேதி பற்றியும் பக்க வரம்பு பற்றியும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான், உங்கள் வழக்கில் உங்கள் ஜட்ஜ் போட்ட உத்தரவு எதுவோ அதுதான் கடைசி வார்த்தை.

"டைம் கேட்டால் ஜட்ஜுக்கு என் மேல் கோபம் வருமா?"

வராது. தேதி முடிவதற்கு முன்னால், உண்மையான காரணம் சொல்லி, முதல் தடவையாகக் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பெரிய பெரிய வக்கீல் நிறுவனங்களே வாராவாரம் கேட்கின்றன, அதில் அவமானம் எதுவும் இல்லை. ஜட்ஜுக்கு எரிச்சல் வருவது கடைசி நாள் ராத்திரி 11 மணிக்குக் கேட்பவர்கள் மேலும், கேட்காமலேயே தாமதமாகத் தாக்கல் செய்துவிட்டு எதுவும் நடக்காத மாதிரி இருப்பவர்கள் மேலும்தான்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் வழக்கு கூப்பிடும் நாளில் எழுந்து நின்று வாய்தா கேட்கும் பழக்கம் இங்கே செல்லாது. பெடரல் சிவில் விதிகளில் ரூல் 7(பி) சொல்வது என்னவென்றால், விசாரணை நடந்துகொண்டிருக்கும் நேரம் தவிர எந்தக் கோரிக்கையும் எழுத்தில் இருக்க வேண்டும், காரணத்தையும் கேட்பது என்ன என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கிளார்க் ஆபீசுக்கு போன் போட்டு "இரண்டு வாரம் கொடுங்கள்" என்றால் அது கோரிக்கையே ஆகாது.

"21 நாள் என்றால் சனி ஞாயிறு சேருமா, சேராதா?"

சேரும். இது உங்கள் மேல் போட்ட வழக்குக்குப் பதில் கொடுக்க உள்ள கெடு. ரூல் 6(ஏ) படி, சம்மன் கையில் கிடைத்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும், நடுவில் வரும் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் கணக்கில் வரும். கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலை நாளுக்குப் போகும்.

பேப்பர் தபாலில் வந்திருந்தால், வந்ததிலிருந்து எண்ணும் கெடுக்களுக்கு 3 நாள் கூடுதலாகக் கிடைக்கும். கோர்ட்டின் ஆன்லைன் முறையில் வந்திருந்தால் அந்த 3 நாள் கிடையாது, 2016-இல் அதை எடுத்துவிட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் இன்னும் அந்த 3 நாள் இருக்கிறது, அதை நம்பித் தேதியைத் தவறவிடாதீர்கள்.

"எதிர்த்தரப்பு வக்கீலிடம் நான் ஏன் முதலில் கேட்க வேண்டும்? ஜட்ஜ்தானே கொடுக்கப் போகிறார்?"

ஜட்ஜ் முதலில் பார்ப்பது அதைத்தான். "எதிர்த்தரப்பு சம்மதிக்கிறது" என்ற ஒரு வரி, இரண்டு பக்கக் காரணத்தைவிட அதிக வேலை செய்யும். பல கோர்ட்டுகளில் கேட்டே ஆக வேண்டும் என்று உள்ளூர் விதியே இருக்கிறது. வாஷிங்டன் டி.சி. மாவட்ட கோர்ட்டில் (பெடரல் வழக்கு முதலில் நடக்கும் கோர்ட்) மோஷன், அதாவது ஜட்ஜிடம் எழுத்தில் வைக்கும் கோரிக்கை, போடுமுன் பேசியாக வேண்டும், டெக்சஸ் வடக்கு மாவட்டத்தில் பேசியதற்கு மோஷனிலேயே ஒரு சான்று வைக்க வேண்டும்.

ஒரு சின்ன ஈமெயில் போதும். எந்தக் கெடு, எத்தனை நாள் வேண்டும், ஏன், இன்ன தேதிக்குள் பதில் சொல்லுங்கள், அவ்வளவுதான். பதிலே வரவில்லையென்றால் "இன்ன தேதியில் ஈமெயில் அனுப்பினேன், பதில் இல்லை" என்று மனுவில் உள்ளபடி எழுதுங்கள். அவர் முடியாது என்று சொன்னால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், ஏன் முடியாது என்று சொன்னாரோ அதையும் சேர்த்து. எதிராளி என்பதற்காக அவரிடம் கேட்பதைத் தோல்வியாக நினைப்பவர்களைப் பார்க்கிறேன், அப்படி இல்லை. நாளைக்கு அவருக்கும் அவகாசம் தேவைப்படும்.

"மனுவில் என்னதான் எழுதுவது? மாதிரி ஏதாவது இருக்கிறதா?"

முதலில் உங்கள் மாவட்ட கோர்ட்டின் உள்ளூர் விதிகளைப் பாருங்கள், அப்புறம் உங்கள் ஜட்ஜின் பெயரில் கோர்ட் இணையதளத்தில் இருக்கும் தனி நடைமுறைப் பக்கத்தைப் பாருங்கள். ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு ஜட்ஜுகள் இரண்டு விதமாகக் கேட்பார்கள். நியூயார்க் தெற்கு மாவட்டத்தில் பல ஜட்ஜுகளுக்கு ஒரு கடித வடிவ மோஷனே போதும். சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே அடங்கிய கலிஃபோர்னியா வடக்கு மாவட்டத்தில் தேதி மாற்றக் கேட்கும் மோஷனுக்கென்றே தனி விதி, அதற்கு 5 பக்க வரம்பு, கூடவே உறுதிமொழி வாக்குமூலம், ஜட்ஜ் கையெழுத்துப் போடத் தயாராக ஒரு வரைவு உத்தரவு.

எங்கே இருந்தாலும் இவ்வளவு கட்டாயம் இருக்கட்டும்: இப்போதைய கடைசி தேதி, நீங்கள் கேட்கும் புதிய தேதி, இதற்கு முன் எத்தனை முறை கேட்டீர்கள், கிடைத்ததா, ஏன் தேவை, எதிர்த்தரப்பின் நிலை, இதனால் வழக்கின் வேறு தேதிகள் நகருமா. "போதுமான அவகாசம் தருமாறு" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள், காலண்டரில் ஒரு தேதியைச் சொல்லுங்கள். பதில் மனுவுக்கு அவகாசம் கேட்பவர் "பதிலளிக்க அல்லது வேறு வகையில் எதிர்கொள்ள" என்று எழுத வேண்டும், வெறும் பதில் மனு என்று எழுதினால் அப்புறம் வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் மோஷன் போடும்போது எதிர்த்தரப்பு தகராறு செய்யலாம்.

"நல்ல காரணம் என்றால் எது? வேலைப்பளு என்று சொல்லலாமா?"

தேதிக்கு முன்னால் கேட்பவரிடம் ரூல் 6(பி) எதிர்பார்ப்பது நியாயமான காரணம், அவ்வளவே. ஆஸ்பத்திரி, குடும்பத்தில் மரணம், எதிர்த்தரப்பு திடீரென்று கொட்டிய ஆயிரக்கணக்கான பக்க ஆவணம், வக்கீல் தேடிக்கொண்டிருப்பது, ஏற்கெனவே டிக்கெட் போட்ட பயணம், இவையெல்லாம் ஜட்ஜுகள் தினமும் பார்க்கும் காரணங்கள். வேலைப்பளுவும் சொல்லலாம், ஆனால் குறிப்பாகச் சொல்லுங்கள். "பிஸியாக இருக்கிறேன்" என்பதற்கும் "இந்த வாரம் முழுக்க இரவு ஷிப்ட், மோஷன் 12-ஆம் தேதிதான் தபாலில் வந்தது" என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பொய் மட்டும் வேண்டாம். மனுவில் நீங்கள் போடும் கையெழுத்து, எழுதியதற்குப் பொறுப்பேற்கச் சொல்லும் ரூல் 11-க்குக் கட்டுப்பட்டது, வாக்குமூலம் பொய்ச் சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு எழுதுவது. சாதாரணமான உண்மைக் காரணமே போதும் என்கிற இடத்தில் காய்ச்சல் கதை எதற்கு?

"எத்தனை நாள் முன்னாடி கேட்க வேண்டும்?"

ரூல் 6(பி) படி பார்த்தால் கெடு முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும். ஆனால் பல ஜட்ஜுகள் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்பே கேளுங்கள் என்று தங்கள் நடைமுறைப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள், சிலர் அதைவிட அதிகம். என் கருத்து, தேவைப்படும் என்று தெரிந்த அன்றைக்கே கேட்டுவிடுங்கள், ஒரு வாரம் முன்பு என்றால் இன்னும் நல்லது. நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, வழக்குக்குப் பதில் கொடுக்க 14 நாள் கூடுதல் அவகாசத்தை ஜட்ஜ் வரைக்கும் போகாமல் கிளார்க்கே தர முடியும். அதையும் முதல் கெடு முடிவதற்குள் கேட்க வேண்டும்.

"மனு போட்டுவிட்டேன், உத்தரவு வரவில்லை, இன்றைக்குத்தான் கடைசி நாள். என்ன செய்ய?"

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கே பதறும். மனு போட்டதாலேயே கடிகாரம் நின்றுவிடாது. உள்ளூர் விதியோ ஜட்ஜின் உத்தரவோ அப்படிச் சொன்னால் ஒழிய, பழைய தேதிதான் உயிரோடு இருக்கிறது. கையில் இருக்கும் வரைவை, அது அரைகுறையாக இருந்தாலும், இன்றைக்கே தாக்கல் செய்யுங்கள். அவகாசம் கிடைத்தால் திருத்திய வடிவத்தைத் தாக்கல் செய்கிறேன் என்று ஒரு வரி சேருங்கள். எதுவுமே இல்லாமல் காத்திருந்து, நாளைக்கு "மறுக்கப்பட்டது" என்று ஒரே வார்த்தையில் உத்தரவு வந்தால் பிறகு கையில் ஒன்றுமே இருக்காது.

"தேதி தாண்டிவிட்டது. எல்லாம் போய்விட்டதா?"

போகவில்லை, ஆனால் மலை ஏற வேண்டும். தேதிக்குப் பிறகு கேட்பவர் முறையான மோஷன் போட்டு, மன்னிக்கத்தக்க கவனக்குறைவு என்று காட்ட வேண்டும். இதை எப்படி எடைபோடுவது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் பயனியர் வழக்கில் நான்கு விஷயங்களைச் சொன்னது: எதிர்த்தரப்புக்குப் பாதிப்பு எவ்வளவு; தாமதம் எத்தனை நாள், அது வழக்கின் ஓட்டத்தை எப்படிப் பாதித்தது; காரணம் என்ன, அது உங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததா; நீங்கள் நல்லெண்ணத்தோடு நடந்தீர்களா. அது திவால் வழக்கு என்றாலும் சிவில் கெடுக்களுக்கும் கோர்ட்டுகள் அதையே பயன்படுத்துகின்றன. விதியே தெரியாது என்பது பொதுவாக எடுபடாது, சொந்தமாக வழக்கு நடத்துபவருக்கும்கூட.

அதனால் தெரிந்த அன்றைக்கே போடுங்கள், தாக்கல் செய்ய வேண்டிய பேப்பரையும் சேர்த்தே போடுங்கள். இரண்டு நாள் தாமதத்தை மன்னிக்கும் ஜட்ஜ், வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு மாதம் சும்மா இருந்தவரை மன்னிப்பது கஷ்டம்.

"குடியேற்றத் துறை மேல் கேஸ் போட்டேன். அரசு வக்கீல் இன்னும் 30 நாள் கேட்கிறார். சம்மதிக்கணுமா?"

அமெரிக்க அரசுக்கு ஏற்கெனவே 60 நாள் இருக்கிறது, அரசு வக்கீல் அலுவலகத்துக்கு சம்மன் சேர்ந்த நாளிலிருந்து. அதற்கு மேலும் 30 என்றால் வயிறு எரியும், புரிகிறது. தாமதம் தாங்காமல்தானே கோர்ட்டுக்கே போனீர்கள்! ஆனாலும் நீங்கள் மறுத்தாலும் ஜட்ஜ் முதல் தடவை கொடுத்துவிடத்தான் வாய்ப்பு அதிகம். அரசு பதில் சொல்லவில்லை என்பதற்காகத் தானாகத் தீர்ப்பும் கிடைக்காது, அரசுக்கு எதிராக என்றால் ஆதாரத்தோடு நிரூபித்தால்தான் உண்டு என்று ரூல் 55(டி) சொல்கிறது.

நான் சொல்வது, சும்மா சம்மதிக்காமல் நிபந்தனையோடு சம்மதியுங்கள். "30 நாள் சரி, அதற்குள் இன்டர்வியூ தேதி போடுங்கள், அல்லது கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இந்த வகை வழக்குகளில் அரசு அந்த அவகாசத்தைக் கோப்பை முடிப்பதற்கே பயன்படுத்துவதும் உண்டு, அப்படி முடிந்தால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இரண்டாவது தடவையும் ஒன்றும் நடக்காமல் கேட்டால், அப்போது எதிர்க்க உங்களிடம் வலுவான காரணம் இருக்கும்.

"நானும் எதிர்த்தரப்பும் பேசி ஒத்துக்கொண்டோம். அப்புறமும் கோர்ட்டுக்குச் சொல்லணுமா?"

எந்தக் கெடு என்பதைப் பொறுத்தது. ஆவணம் கேட்பது, எழுத்துக் கேள்விகளுக்குப் பதில் போன்ற டிஸ்கவரி (இரு தரப்பும் ஒருவரிடமிருந்து ஒருவர் தகவல் கேட்டு வாங்கும் கட்டம்) விஷயங்களில் நீங்களே ஒப்பந்தம் போட்டுத் தள்ளிக்கொள்ளலாம், ரூல் 29 அனுமதிக்கிறது. ஆனால் டிஸ்கவரி முடியும் தேதி, மோஷன் விசாரணை, டிரையல் இவற்றில் எதையாவது அது இடித்தால் கோர்ட் அனுமதி வேண்டும். கலிஃபோர்னியா வடக்கு மாவட்டத்தில் வழக்குக்குப் பதில் சொல்லும் தேதியை, ஜட்ஜ் போட்ட தேதி எதையும் தொடாதவரை, இருவரும் கையெழுத்திட்டு நகர்த்தலாம். மற்றபடி ஜட்ஜ் போட்ட தேதியை நீங்கள் இருவரும் சேர்ந்தாலும் மாற்ற முடியாது.

எந்த ஒப்பந்தமும் எழுத்தில் இருக்கட்டும். குறிப்பாக ரூல் 36 கோரிக்கைகள் வந்தால், அதாவது "இது உண்மை என்று ஒத்துக்கொள்கிறீர்களா" என்று கேட்டு வரும் தாள்கள், 30 நாளில் பதில் போகவில்லையென்றால் எல்லாவற்றையும் நீங்கள் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். போனில் சொன்ன "பரவாயில்லை, மெதுவாக அனுப்புங்கள்" என்பதை நம்பி இதில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

"இரண்டாவது, மூன்றாவது தடவை கேட்கலாமா?"

கேட்கலாம், ஒவ்வொரு தடவையும் கதவு கொஞ்சம் சிறிதாகும். போன தடவை வாங்கிய நாட்களில் என்ன செய்தீர்கள் என்று காட்ட வேண்டும். ஜட்ஜ் ரூல் 16 படி முழு வழக்குக்கும் கால அட்டவணை போட்டிருந்தால் கேள்வியே மாறிவிடும், அங்கே நீங்கள் விடாமுயற்சியோடு உழைத்தும் முடிக்க முடியவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும், எதிர்த்தரப்பு சம்மதம் மட்டும் போதாது.

"ஜட்ஜே நினைத்தாலும் நீட்ட முடியாத தேதி இருக்கிறதா?"

இருக்கிறது, இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். தீர்ப்புக்குப் பிறகு அதை மாற்றச் சொல்லும் ரூல் 59(இ) மோஷனுக்கு 28 நாள். ரூல் 6(பி)(2) அதை நீட்டக் கூடாது என்றே சொல்கிறது. ரூல் 50, 52, 60 ஆகியவற்றின் கீழ் வரும் தீர்ப்புக்குப் பிந்தைய மோஷன்களுக்கும் அப்படியே. வழக்கு போடுவதற்கான காலக்கெடுவும் இதில் அடங்காது. வேலைப் பாகுபாட்டு ஆணையம் வழக்கு போடலாம் என்று கடிதம் கொடுத்த பிறகு இருக்கும் 90 நாளை ரூல் 6(பி) மனுவால் நீட்ட முடியாது.

மேல்முறையீட்டு நோட்டீஸ் இன்னும் கடுமை. சாதாரணமாக 30 நாள், அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60 நாள். இதை மாவட்ட கோர்ட்டில் தனி மோஷன் போட்டு ஓரளவு நீட்டலாம், அந்த மோஷனும் கெடு முடிந்த 30 நாளுக்குள் வர வேண்டும், கிடைப்பதற்கும் உச்சவரம்பு உண்டு. 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பவுல்ஸ் வழக்கில் ஜட்ஜ் சட்டம் அனுமதித்த 14 நாளுக்குப் பதில் தவறாக 17 நாள் கொடுத்துவிட்டார். அவர் சொன்ன தேதிக்குள், ஆனால் 14 நாள் தாண்டி, நோட்டீஸ் தாக்கல் ஆனது. ஜட்ஜ் சொன்ன தேதியை நம்பினேன் என்பது எடுபடவில்லை, 5-4 என்ற கணக்கில் மேல்முறையீட்டு வாய்ப்பு பறிபோனது. எனக்கு அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் அநியாயமாகத்தான் படுகிறது, ஆனால் சட்டம் அதுதான். உத்தரவில் என்ன தேதி இருந்தாலும் விதியோடு வைத்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"பிரீஃப் எத்தனை பக்கம் இருக்கலாம்?"

பிரீஃப் என்பது உங்கள் சட்ட வாதங்களை எழுதித் தாக்கல் செய்யும் தாள். மாவட்ட கோர்ட்டுகளுக்குப் பொதுவான வரம்பு கிடையாது, ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனி. சிகாகோ அடங்கிய இல்லினாய் வடக்கு மாவட்டத்தில் 15 பக்கம், கலிஃபோர்னியா வடக்கில் மோஷனுக்கு 25, டி.சி.யில் 45. நியூயார்க் தெற்கு மாவட்டம் 2025 தொடக்கத்தில் வார்த்தைக் கணக்குக்கு மாறிவிட்டது, முக்கிய பிரீஃபுக்கு 8,750 வார்த்தை. பெடரல் அப்பீல் கோர்ட்டுகளில் முக்கிய பிரீஃப் 13,000 வார்த்தை, மறுமொழி அதில் பாதி, சில சர்க்யூட்டுகள் (அப்பீல் கோர்ட்டுகளின் வட்டாரங்கள்) கூடுதலாக அனுமதிக்கின்றன. பொருளடக்கம், மேற்கோள் பட்டியல், சான்றுகள் பொதுவாகக் கணக்கில் வராது. அடிக்குறிப்பு வரும்.

"எனக்கு 25 பக்கம் போதாது. அதிகப் பக்கம் எப்படிக் கேட்பது?"

அவகாசம் கேட்கும் அதே நடைமுறைதான், மேலே சொன்ன எதிர்த்தரப்பிடம் பேசுவது, வரைவு உத்தரவு எல்லாம் இதற்கும் பொருந்தும். ஆனால் ஜட்ஜின் மனநிலை வேறு. அவகாசம் அவருக்குச் செலவில்லாதது, கூடுதல் பக்கங்களை உட்கார்ந்து படிக்க வேண்டியவர் அவர். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மேற்கு மாவட்டம் இப்படிப்பட்ட மனுக்களை விரும்புவதில்லை என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது, பிரீஃப் தேதிக்குக் குறைந்தது 3 நாள் முன்பு கேட்கவும் சொல்கிறது. ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் பிரீஃபையும் கூடவே இணைக்கச் சொல்கிறது.

எத்தனை பக்கம் என்று எண்ணிக்கை சொல்லுங்கள், அது எதற்கு என்றும் சொல்லுங்கள். "எதிர்த்தரப்பு ஏழு தனித்தனி வாதங்கள் வைத்திருக்கிறது, 8 பக்கம் கூடுதலாக வேண்டும்" என்றால் ஜட்ஜ் யோசிப்பார். "வழக்கு சிக்கலானது" என்றால் எல்லா வழக்கும் சிக்கலானதுதான். எதிர்த்தரப்புக்கும் அதே அளவு கொடுங்கள் என்று நீங்களே சொல்லிவிட்டால் சம்மதம் சுலபமாகக் கிடைக்கும். கேட்பதற்கு முன் வெட்டிப் பாருங்கள், வழக்கின் வரலாற்றைச் சொல்லும் முதல் நாலு பக்கத்தில் பாதி பெரும்பாலும் தேவைப்படாது.

"எழுத்தை, வரி இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது?"

தெரியும். மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவு வழக்கில் 2014-இல் பிபி நிறுவனத்தின் வக்கீல்கள் ஏற்கெனவே கூடுதலாக வாங்கிய 35 பக்கத்துக்குள், வரி இடைவெளியை லேசாகச் சுருக்கி ஏறக்குறைய 6 பக்கம் அதிகமாகத் திணித்தார்கள். ஜட்ஜ் கார்ல் பார்பியே கண்டுபிடித்து, உத்தரவிலேயே எழுதிக் கண்டித்தார். உலகமே கவனித்த வழக்கில், அத்தனை பெரிய நிறுவனத்தின் வக்கீல்களுக்கே அந்தக் கதி. "என் முந்தைய பிரீஃபில் சொன்னதையும் இதோடு சேர்த்துப் படிக்கவும்" என்று எழுதுவதும் வரம்பைத் தாண்டும் குறுக்குவழிதான், ஏழாவது சர்க்யூட் 1999-லேயே அதை ஏற்க மறுத்துவிட்டது.

"கம்ப்ளெயின்டுக்குப் பக்க வரம்பு இல்லைதானே?"

வழக்கைத் தொடங்கும் மனுதான் கம்ப்ளெயின்ட், அதற்குப் பொதுவாக எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் ரூல் 8 சுருக்கமாகவும் தெளிவாகவும் சொல்லச் சொல்கிறது, நீட்டினால் ஜட்ஜ் நீக்கிவிடலாம். 2025 செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் ஜட்ஜ் ஸ்டீவன் மெரிடே, டிரம்ப் நியூயார்க் டைம்ஸ் மேல் போட்ட 85 பக்க கம்ப்ளெயின்டை நீக்கி, 28 நாளில் 40 பக்கத்துக்குள் திருத்திப் போடச் சொன்னார்.

"டைமும் பக்கமும் ஒரே மனுவில் கேட்கலாமா?"

உள்ளூர் விதி தடுக்கவில்லையென்றால் கேட்கலாம், ஆனால் காரணங்களைத் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டையும் குழப்பினால், கூடுதல் நேரம் கொடுத்தால் சுருக்க முடியுமே என்று ஜட்ஜ் பக்கத்தை மறுக்க வழி கிடைக்கும். என்னைக் கேட்டால் முதலில் அவகாசம், எழுதிச் சுருக்கிப் பார்த்து அப்புறமும் மிஞ்சினால் பக்கம்.

"இப்போது சென்னையில் இருக்கிறேன். கடைசி நாள் எந்த ஊர் நள்ளிரவு வரை?"

வழக்கு நடக்கும் கோர்ட்டின் ஊர் நேரம்தான். கலிஃபோர்னியா கோர்ட் என்றால் கோடையில் அங்கே நள்ளிரவு ஆகும்போது சென்னையில் மறுநாள் மதியம் 12.30, குளிர்காலத்தில் 1.30. ஆனால் நள்ளிரவு என்பது ஆன்லைனில் தாக்கல் செய்பவர்களுக்கு மட்டும். வக்கீல் இல்லாதவர்கள் ஆன்லைனில் தாக்கல் செய்யப் பல மாவட்டங்களில் முன் அனுமதி வாங்க வேண்டும், அது இல்லையென்றால் கிளார்க் ஆபீஸ் மூடும் நேரம்தான் கெடு. சில கோர்ட்டுகள் இன்னும் முன்னதாக வைத்திருக்கின்றன, உதாரணமாக பிலடெல்பியாவில் இருக்கும் மூன்றாவது சர்க்யூட்டில் 2023 ஜூலையிலிருந்து மாலை 5 மணி. இந்தியாவுக்குக் கிளம்புகிறீர்கள் என்றால் ஆன்லைன் அனுமதிக்கான மனுவை விமானம் ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.